பதினேழாவது வாரம்

ஓசூர்
1-2-2004

அன்பு மகள் தமிழ்செல்விக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, வாசலில் படுக்கும் பெயர் வைக்காத நாய், மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் போனில் கேட்கலாம் என்றால், எப்போது கூப்பிட்டாலும் நீ குளித்துக்கொண்டிருப்பதாக ஹாஸ்டலில் சொல்கிறார்கள். சேலத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேப்பரில் போடுகிறானே, காரணம் இப்போது விளங்கியது. அதனால்தான் கடிதம். குளித்து முடித்துவிட்டு நிதானமாகப் படி.

உன் தகரப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. கோபப்படாதே. இரண்டு பேப்பர் அரியர் என்று கல்லூரியிலிருந்து தபால் வந்தால் எந்த அப்பனும் பஸ் ஏறத்தான் செய்வான். வார்டன் அம்மாவைக் கேட்டேன். "உங்க பொண்ணு கிளாசுக்குக்கூடப் போகாம ரூம்ல உக்காந்து கதை படிக்குதுங்க" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை வரவழைத்தார். திறந்தால் நாலு பாடப் புத்தகம், மிச்சமெல்லாம் கதை. பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த மூளைக்கு என்ன தோன்றும்? நோய் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டியைத் தூக்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது. பாடப் புத்தகங்களை உன் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தோளில் ஏற்றினேன்.

நீ கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து, "அப்பா, ஒரு நிமிஷம்" என்றாய். எனக்குக் கேட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கேட்கத்தான் கூப்பிடுகிறாய் என்று தெரிந்து, காது கேளாதவன் மாதிரி நடந்து பஸ் ஏறிவிட்டேன். தருமபுரி வரை நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன். தருமபுரியில் கண்டக்டர் பெட்டியைக் காலால் தட்டி, "உள்ள என்னங்க?" என்றார். "கதைப் புத்தகம்." "கதையோ கல்லோ, இந்தக் கனத்துக்கு லக்கேஜ் போடணும்" என்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

கம்பெனியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மெஷின் இறக்கியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கப் பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வருகிறார். முழுக்க இங்கிலீஷ். "அண்டர்ஸ்டுட்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் நாங்கள் வரிசையாக நின்று தலையாட்டுகிறோம். அவர் போனதும் டீக்கடையில் ஒருவரை ஒருவர், "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டுக்கொள்கிறோம். இதற்காகத்தான் உன்னை இன்ஜினியரிங் சேர்த்தேன். நம் வீட்டில் ஒரு ஆளாவது புரிந்து தலையாட்ட வேண்டும்.

முடிவாகச் சொல்கிறேன். ஏப்ரல், மேயில் அரியரை எழுதித் தேறு. அன்றைக்கே பெட்டி உனக்கு.

அன்புள்ள அப்பா
பூபதி

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். இந்தச் சனிக்கிழமை வருவாய்தானே?


சேலம்
8-2-2004

அப்பாவுக்கு,

நலம்.

பெட்டியில் இருப்பதில் பாதி கல்லூரி நூலகப் புத்தகம். தேதி தாண்டினால் அபராதம் போடுவார்கள். பச்சை அட்டை போட்ட தடிப் புத்தகம் என் ரூம்மேட் முனிலட்சுமியின் அம்மாவுடையது. பத்திரிகையில் வந்த தொடர்கதையை அவர் வாராவாரம் கிழித்துச் சேர்த்துவைத்து, கடைசியில் பைண்டு செய்தது. கடையில் கிடைக்காது. இரவல் வாங்கி வந்தது நான். முனிலட்சுமிக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே எழுதுங்கள்.

பெட்டி வரும்வரை நான் வீட்டுக்கு வருவதாக இல்லை. முறுக்கை நீங்கள் சாப்பிடுங்கள்.

தமிழ்செல்வி


ஓசூர்
15-2-2004

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் 'நலம்' என்று ஒரு வார்த்தை இருந்ததில் எங்களுக்கு நிம்மதி. அம்மா அதை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள்.

நூலகப் புத்தகங்களைப் பார்சலில் அனுப்பிவிட்டேன், நேராக லைப்ரரியன் பெயருக்கு. 'மேற்படி மாணவிக்கு மே மாதம் வரை கதைப் புத்தகம் வழங்க வேண்டாம், இப்படிக்குத் தகப்பன்' என்று உள்ளே ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன்.

பச்சைப் புத்தகத்தை மட்டும் அனுப்பவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாதியில் இருக்கிறேன்.

சோதனை போடத்தான் திறந்தேன். சர்க்யூட் பாடத்தைவிட என்னதான் பெரிதாக இதில் இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். 'கனகாவின் முகவரி' என்று போட்டிருந்தது. நம் காவேரிப்பட்டினத்துப் பெண் மாதிரி ஒருத்தி, கல்யாணமாகி மெட்ராஸ் போகிறாள். புருஷன் வீட்டில் அவளை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. ஆனால் அப்பனுக்கு வாராவாரம் 'நலம்' என்று கடிதம் போடுகிறாள். அந்த அப்பன் பெயர் சிங்காரம். சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் குமாஸ்தா. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எம்பொண்ணு நலம்" என்று ஆலை முழுக்கச் சொல்லித் திரிகிறான். வண்டிக் கரும்பில் ஒரு கட்டு குறைந்தால் கண்டுபிடிக்கிற ஆளுக்கு, மகளின் கடிதத்தில் என்ன குறைகிறது என்று தெரியவில்லை! இப்படியும் ஒரு மடையன் உலகத்தில் இருப்பானா?

முழுக்க யாரோ உட்கார்ந்து கட்டிய கதை என்று தெரிகிறது. கனகா என்று ஒருத்தி கிடையாது, அதுவும் தெரிகிறது. அப்புறம் எதற்கு எனக்கு இந்தக் கவலை? சூளகிரி பக்கம் லாரி கவிழ்ந்தது என்று பேப்பரில் படித்துவிட்டு இட்லிக்குச் சட்னி கேட்கிறவன் நான். நேற்று கனகாவின் கையில் காபித் தம்ளர் நழுவியதற்கு ஒரு வாய் சோறு குறைத்துச் சாப்பிட்டேன். உன் அம்மா, "ஜுரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முனிலட்சுமியிடம், சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்.

அப்பா


ஓசூர்
29-2-2004

அன்பு மகளுக்கு,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. இது வேறு அவசரம்.

என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற பாகலூர் திம்மராயனைத் தெரியும் அல்லவா? வீட்டில் கன்னடம். தமிழ் பேசுவான், ஆனால் படிக்க வராது. நான் பஸ்ஸில் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து, "சும்மா நீ மட்டும் படிச்சா எப்படிண்ணா, எனக்கும் சொல்லு" என்றான். தினமும் முந்தின நாள் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். இப்போது முன்சீட்டெல்லாம் திரும்பி உட்கார்ந்து கேட்கிறது. போன வாரம் டிரைவர், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கப்பா, இஞ்சின் சத்தத்துல மாமியார் பேசறது கேக்கமாட்டேங்குது" என்றார்.

பதினாறாவது வாரத்தில், ஒருவழியாகப் புத்தி வந்து சிங்காரம் மெட்ராஸ் போகிறான். வாழைப்பழத்தோடு கனகா வீட்டுக் கதவைத் தட்டுகிறான். தொடரும் என்று முடிகிறது. பக்கத்தைப் புரட்டினால் பதினெட்டாவது வாரம்! கனகா ஊரில் அப்பன் வீட்டில் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள். நடுவே ஒரு வாரம் இல்லை.

பஸ்ஸில் கலவரம். "ஏனாய்த்து? என்னாச்சு? கதவு தொறந்தாளா இல்லையா?" என்று திம்மராயன் என் தோளைப் பிடித்து உலுக்குகிறான்.

"பக்கம் இல்லப்பா."

"சூளகிரிக்கு டிக்கெட் எடுத்தவனைக் காட்டுல எறக்கி விடறியேண்ணா!"

பின்சீட்டு மாரிசாமி, "அப்பன் போயி மாப்பிள்ளையை நாலு வாங்கு வாங்கியிருப்பான், வேற என்ன" என்றான்.

"யாரு, சிங்காரமா? அந்தாளு காபி குடிச்சிட்டு, நல்லா இருக்கியாம்மான்னு கேட்டுட்டு, பஸ் புடிச்சிருப்பான்" என்றார் டிரைவர்.

இரண்டு கட்சி ஆகிவிட்டது. தீர்ப்பு சொல்ல வேண்டியது நான். நீ முழுதும் படித்தவள். பதினேழாவது வாரத்தில் என்ன நடந்தது? தயவுசெய்து உடனே எழுது.

அப்பா


சேலம்
7-3-2004

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்.

உங்கள் சீட்டை லைப்ரரியன் சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கே சிரிக்கவில்லை. ரூமுக்கு வந்து சிரித்தேன்.

பதினேழாவது வாரம் ஏன் இல்லை தெரியுமா? முனிலட்சுமியின் அம்மா நாராயணம்மா அந்த வாரம் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் இருந்தார். முனிலட்சுமி பிறந்த வாரம் அது. வீட்டில் யாருக்கும் பத்திரிகை வாங்கத் தோன்றவில்லை. "என்னைப் பெத்ததைவிட அந்த வாரம் போனதுதான் எங்கம்மாவுக்கு இன்னும் வருத்தம்" என்பாள் முனிலட்சுமி.

அவர்கள் வீட்டில் தெலுங்கு. நாராயணம்மா ஐந்தாவது வரைதான். இப்போது ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டப் போகிறார். தொடர்கதை படித்துத்தான் தமிழ் சரளமாக வந்ததாம். தெரியாத வார்த்தை வந்தால் நிற்கவே மாட்டாராம், கனகாவுக்கு என்ன ஆச்சோ என்று தாண்டிப் போய்விடுவாராம். நாலு வாரம் கழித்து அந்த வார்த்தை தானாகப் புரிந்துவிடுமாம்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி அந்த வாரக் கதையை அவருக்கு வாயால் சொல்லியிருக்கிறார். அதனால் என்ன நடந்தது என்று நாராயணம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். பெட்டியை வைத்திருப்பவர் நீங்கள். நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

திம்மராயன் மாமாவுக்கு என் அனுதாபங்கள்.

தமிழ்செல்வி


ஓசூர்
21-3-2004

அன்பு மகளுக்கு,

பெட்டி என்னிடம், கதை உன்னிடம். நீ என் மகள்தான், சந்தேகமில்லை.

பஸ் பொறுக்காது. அதனால் நானே எழுதிவிட்டேன். மெஷின் சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் புதுப் பல் வெட்டிப் பொருத்துகிறவனுக்கு இது முடியாதா என்று ஒரு திமிர். நாலு தாள் கிழித்து, ஐந்தாவதில் வந்தது இது.

பதினேழாவது வாரம்

கதவைக் கனகாதான் திறந்தாள். "வாங்கப்பா" என்றாள். சிங்காரம் உள்ளே போய் உட்கார்ந்தான். மாப்பிள்ளை பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கியாம்மா?" "நல்லா இருக்கேம்ப்பா." சிங்காரம் தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது தலையாட்டுவது அவனுக்குப் பழக்கம். காபி குடித்தான். வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பினான். கனகா தெருமுனை வரை வந்து, "அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள். அவனுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நடந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட்டும் வாங்கியாயிற்று. பஸ் ஊர் எல்லை தாண்டியது. சிங்காரம் எழுந்து நின்று, "நிறுத்துங்க, எறங்கணும்" என்றான்.

"ஏம்ப்பா, கடைசி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கியே?" என்றார் கண்டக்டர். "என்ன, எதுனா விட்டுட்டு வந்துட்டியா?"

"ஆமாங்க. ஒரு நிமிஷத்தை விட்டுட்டு வந்துட்டேன்."

வெயிலில் திரும்பி நடந்தான். கனகா அதே தெருமுனையில் நின்றாள். அவன் அவளிடம் போய், "நீ நல்லா இருக்கேன்னு சொன்னப்ப நான் தலையாட்டினேன் பாரு, அது சும்மா. எனக்கு ஒண்ணும் புரியலம்மா. இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

கனகா சொன்னாள்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை, தமிழு. சிங்காரமாக யோசிப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது. முட்டாளுக்கு முட்டாள் துணை. கனகாவின் மனதில் என்ன இருக்கிறது என்றுதான் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் தெரியவில்லை. உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எழுத்து சுமார்தான். ஆனா அந்தாளு இப்பத்தான் மனுசனா இருக்கறான்" என்றாள்.

கனகா சொன்னதை நீ எழுது. அவசரமில்லை. பஸ்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா


சேலம்
4-4-2004

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தடவை அந்த வார்த்தையை எழுதவில்லை.

அன்றைக்கு ஹாஸ்டல் கேட்டில் நான் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கக் கூப்பிடவில்லை.

ப்ளஸ் டூ வரை நான் தமிழில் படித்தேன். இங்கே வந்த முதல் நாளிலிருந்து எல்லாம் இங்கிலீஷ். சார் போர்டில் எழுதிக்கொண்டே பேசுவார். திரும்பி, "ஆர் யூ ஃபாலோயிங்?" என்பார், அதையும் இங்கிலீஷில். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். நீங்கள் டீக்கடைக்காவது போகிறீர்கள். நான் போய்க் கேட்க எனக்கு யாரும் இல்லை. ஒருமுறை சந்தேகம் கேட்க எழுந்தேன். வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. பின்வரிசை சிரித்தது. அந்த வகுப்புக்குப் போவதைத்தான் நிறுத்தினேன். வார்டன் சொன்னது பொய்யில்லை.

பரீட்சையில் கேட்டது எனக்குத் தெரிந்த கேள்விதான். மின்சாரம் அந்த வழியில் ஏன் பிரிகிறது என்று உங்களுக்கு உட்கார வைத்துச் சொல்வேன். வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

கதை படித்ததால் நான் தோற்கவில்லை அப்பா. நாள் முழுக்க முட்டாளாக உட்கார்ந்துவிட்டு வந்து, கொஞ்ச நேரமாவது எல்லாம் புரிகிற ஆளாக இருக்கத்தான் படித்தேன். கதையில் ஒருத்தி 'நலம்' என்று எழுதினால், எழுதும்போது அவள் மனதில் என்ன இருந்தது என்றும் கூடவே போட்டுவிடுகிறார்கள். அதைப் படித்தால் நான் மட்டும் இப்படி இல்லை என்று இருக்கும். பெட்டி போன பிறகு அதுவும் இல்லை.

சூளகிரியில் புதுக் கம்பெனியில் பேக்கிங்குக்குப் பெண்களை எடுக்கிறார்களாம். படிப்பை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று முனிலட்சுமியிடம் கேட்டேன். உங்களிடம் கேட்கத் தைரியமில்லை.

கனகா சொன்னது இதுதான்.

தமிழ்செல்வி


ஓசூர்
8-4-2004

தமிழு,

உன் கடிதத்தை நானும் அம்மாவும் மட்டும் படித்தோம். பஸ்ஸில் கேட்டார்கள். அந்த வாரம் பத்திரிகை வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நேற்று இன்ஜினியர், "அண்டர்ஸ்டுட்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான், "நோ சார்" என்றேன். என் வாழ்நாளில் தப்பில்லாமல் பேசிய இங்கிலீஷ் அதுதான். மெஷின் ஷாப்பில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், பிறகு கன்னடத்தில் ஆரம்பித்தார். திம்மராயன் அதைத் தமிழில் எனக்குத் தள்ளினான். அரைமணியில் முடிந்தது. போகும்போது அவர் திம்மராயனிடம் சொன்னாராம், இங்கிலீஷில் பேசிப் பேசித் தனக்கும் தினமும் தலைவலி என்று.

உனக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. படிப்பைத் தொடர்வதா விடுவதா என்று நேரில் பேசுவோம். நீ சொல்லு, நான் கேட்கிறேன். தேறினால்தான் பெட்டி என்று சொன்னது வாபஸ். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன். திரும்புவதற்கு எந்த பஸ் என்று இந்தத் தடவை பார்க்கவில்லை.

அப்பா


சேலம்
16-5-2004

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இது நிஜ நலம்.

அரியர் இரண்டும் எழுதிவிட்டேன். கணக்கு தேறிவிடும். சர்க்யூட் சொல்ல முடியாது. ஆனால் மணி அடிக்கும்வரை எழுதினேன். படிப்பைத் தொடரலாம் என்று நீங்கள் வந்த அன்று மரத்தடியில் பேசி முடிவு செய்த வழியில்தான் படித்தேன். முதலில் தமிழில் முனிலட்சுமிக்குச் சொல்லிப் பார்ப்பேன், பிறகு தெரிந்த இங்கிலீஷில் எழுதுவேன். நூலகத்தில் இங்கிலீஷ் கதை ஒன்று எடுத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறது. நாராயணம்மா முறைதான், தெரியாத வார்த்தையில் நிற்பதில்லை. அதில் தொலைந்துபோன நாய்க்குட்டி கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லைப்ரரியன், "உங்கப்பா கிட்ட அனுமதி வாங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

பச்சைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் பைண்டரிடம் கொடுத்துப் பிரித்து, நீங்கள் எழுதிய தாள்களை அதன் இடத்தில் வைத்துத் தைத்து வாங்கினேன். கனகா சொன்னதைப் பிற்பாதியாக நான் எழுதினேன். வகுப்பை மாமியார் வீடாக மாற்றினேன், மற்றபடி அதேதான்.

நாராயணம்மா கையெழுத்தைப் பார்த்து என்ன இது என்று கேட்டிருக்கிறார். பழைய பத்திரிகையைப் பார்த்து யாரோ காப்பி எடுத்துக் கொடுத்தார்கள் என்று முனிலட்சுமி சமாளித்துவிட்டாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து முழுதும் படித்தாராம். முடித்துவிட்டு மூடி வைத்து, "அந்தக் கட்டில்காரி எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காடி!" என்றாராம். "அப்பன் பஸ் ஏறிப் போயிட்டான், அந்தப் பொண்ணு தானா அழுதுகிட்டு ஊருக்கு வந்துட்டாள்னு சொன்னா. இருபது வருசமா அந்த மனுசனைத் திட்டிக்கிட்டு இருந்தேனே. பாவம், எறங்கி வந்திருக்கான் பாரு."

அச்சில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. கட்டில்காரி சொன்னதுதான் வந்திருக்கும். நான் தேடப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். முறுக்கு இருக்கிறதா?

தமிழ்செல்வி


ஓசூர்
19-5-2004

அன்பு மகள் தமிழுக்கு,

பழைய முறுக்கை நான் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டேன். நீதானே சொன்னாய். அம்மா புதிதாக மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறாள்.

நாராயணம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடாதே. எத்தனையோ வருடம் திட்டு வாங்கியவன் சிங்காரம். இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது.

பஸ்ஸில் உன் பிற்பாதியைச் சொல்லலாமா? மாமியார் வீட்டுக் கதையாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. நீ சரி என்றால்தான் சொல்வேன். திம்மராயன் இப்போதே, அடுத்த கதை எது என்று நச்சரிக்கிறான். வரும்போது பெட்டியிலிருந்து ஒரு பைண்டு புத்தகம் எடுத்து வா. வாரம் எதுவும் விட்டுப்போகாததாகப் பார்த்து எடு.

விட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

அன்புள்ள அப்பா
பூபதி